ராபர்ட் ஃபார்ச்சூனின் தேயிலைப் பயணம்

ராபர்ட் ஃபார்ச்சூன் (1812–1880) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த தாவரவியலாளர். கிழக்கிந்தியக் கம்பெனிக்காக 1848 முதல் 1851 வரை சீனத் தேயிலைப் பகுதிகளில் பயணம் செய்தவர்.

சீன வணிகத்தில் கம்பெனிக்கு இருந்த தனியுரிமையை 1833ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. இமயமலைப் பகுதியில் அது தொடங்கியிருந்த தோட்டங்களுக்கு நல்ல செடிகளும் தொழில் தெரிந்தவர்களும் தேவைப்பட்டனர். ஆனால் 1842 நான்கிங் உடன்படிக்கை வெளிநாட்டாருக்கு ஐந்து துறைமுகங்களை மட்டுமே திறந்துவிட்டிருந்தது. எனவே ஃபார்ச்சூன் தலையை மழித்து, சடை வைத்து, சீன உடையணிந்து உள்நாட்டுக்குள் நுழைந்தார். பெருஞ்சுவருக்கு அப்பாலிருந்து வந்தவர் என்று சொல்லிக்கொண்டார். கண்ணீர் வரும்வரை தலையைச் சுரண்டினார்கள் என்று பிற்பாடு எழுதினார்.

பச்சைத் தேயிலைக்கும் கறுப்புத் தேயிலைக்கும் தனித்தனிச் செடிகள் உண்டு என்றே ஐரோப்பியர் பலர் நம்பினர். லின்னேயஸும் இரண்டு இனங்களாகப் பெயரிட்டிருந்தார். செடி ஒன்றே, பக்குவம்தான் வேறு என்பதை ஃபார்ச்சூன் தம் முந்தைய பயணத்திலேயே கண்டிருந்தார். இப்போது அதை முழுமையாகக் கற்றார். பறித்த கொழுந்தை அதிகம் வாடவிடாமல் வாணலியில் வறுத்து, கையால் உருட்டி, உலர்த்தினால் பச்சைத் தேயிலை. நெடுநேரம் பரப்பி, கிளறி, வாடவிட்டு, பிறகு வறுத்து உருட்டி, மீண்டும் காற்றில் வைத்து, கரி நெருப்பில் மெல்ல உலர்த்தினால் கறுப்பு.

பச்சைத் தேயிலைப் பகுதியில் இன்னொன்றையும் பார்த்தார். ஏற்றுமதித் தேயிலைக்கு நிறம் கூட்ட, பிரஷ்ய நீலச் சாயத்தையும் ஜிப்சத்தையும் கலந்துகொண்டிருந்தார்கள். தொழிலாளர்களின் கைகள் நீலமாகியிருந்தன. அந்நியர் அந்த நிறத்தை விரும்பினர். சீனர் அதைக் குடிக்கவில்லை!

தேயிலை விதை விரைவில் முளைப்புத் திறன் இழக்கும். எனவே வார்டு என்பவர் உருவாக்கிய, மூடிய கண்ணாடிப் பெட்டிகளில் மண்ணிட்டு விதைகளைத் தூவி அனுப்பினார். அவை கடற்பயணத்திலேயே முளைத்தன. 1851இல் ஆயிரக்கணக்கான செடிகளுடனும் சீனத் தொழிலாளர்களுடனும் கல்கத்தா வந்து, சகாரன்பூருக்குச் சென்றார்.

இந்தியத் தேயிலையே இவரால்தான் தொடங்கியது என்று சிலர் எழுதுவது சரியல்ல. அசாம் தேயிலை 1839லேயே லண்டனில் ஏலம் போனது. கல்கத்தாவிலிருந்து அனுப்பப்பட்டவர்கள் 1830களிலேயே சீன விதையையும் தொழிலாளரையும் கொண்டுவந்துவிட்டனர். அசாம் சமவெளியின் வெப்பத்தில் அங்கே இயல்பாக வளர்ந்த பெரிய இலை வகையே வென்றது. சீன வகையைத் தாங்கியது குளிர்ந்த மலைப்பகுதிகள்தான். டார்ஜிலிங் தோட்டங்களில் அது இன்றும் கொழுந்து தருகிறது.