திருவேட்களத்துக் கலாசாலை

சென்னை போன்ற பட்டணத்தில் கலாசாலை என்பது ஆயிரம் கட்டடங்களுக்கு நடுவே ஒரு கட்டடம். மாலை மணி அடித்ததும் மாணவன் ஒரு திசையிலும் ஆசிரியர் வேறொரு திசையிலும் சென்று மறைவர். மறுநாட் காலை வரையில் இருவருக்கும் யாதொரு சம்பந்தமும் இராது. சிதம்பரத்துக்குக் கிழக்கே, ரயில் பாதையைத் தாண்டியதும் தொடங்கும் அண்ணாமலைநகரின் வாழ்வு அத்தகையதன்று.

கலாசாலை எழும்புவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அந்த இடத்துக்கு ஒரு பெருமை உண்டு. தில்லையின் மேன்மையை எண்ணி, அத்தலத்தில் இரவு தங்க மனம் ஒருப்படாத ஞானசம்பந்தர், அருகிலிருந்த திருவேட்களத்தில் உறைந்து, அங்கிருந்தே சென்று கூத்தப்பிரானைக் கும்பிட்டு மீண்டார் என்பது பெரிய புராணம் சொல்லும் வரலாறு. பாசுபதேசுவரர் கோயில் கொண்ட அந்தத் திருவேட்களமே இன்று அண்ணாமலைநகருக்குள் அடங்கியிருக்கிறது. பேரூருக்குப் பக்கத்திலும் இருக்கவேண்டும், அதன் சந்தடியில் அகப்படவும் கூடாது என்னும் வாசஸ்தல ரசனையை முதலில் கண்டவர் சம்பந்தரே என்று நான் சொன்னால் சைவப் பெரியோர் பொறுத்தருள்வாராக.

சர் அண்ணாமலை செட்டியார் 1920இல் இங்கே மீனாட்சி கல்லூரியை நிறுவினார். பின்னர்த் தமிழுக்கென்றும் வடமொழிக்கென்றும் தனித்தனிக் கல்லூரிகள் தோன்றின. தமிழ்க் கல்லூரிக்கு 1924 முதல் 1927 வரையில் உ.வே. சாமிநாதையரே தலைவராக வீற்றிருந்தார். செட்டியார் இருபது லட்சம் ரூபாய் நன்கொடை அளிக்க, 1928இல் சட்டம் நிறைவேறி, 1929இல் இவை யாவும் ஒரு சர்வகலாசாலையாயின. சென்னைச் சர்வகலாசாலை எங்கெங்கோ இருந்த கல்லூரிகளுக்குப் பரீட்சை நடத்திப் பட்டம் வழங்கிக்கொண்டிருக்க, இங்கே கற்பிப்பவரும் கற்பவரும் ஒரே வளாகத்தில் வசிக்கவேண்டும் என்பது அன்றைய ஏற்பாடு. ஊரின் வசீகரமெல்லாம் அந்த ஒரு விதியிலிருந்து பிறந்ததே என்பது என் துணிபு.

ஏனெனில், சிற்றூரில் வித்துவானுக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. மட்டக்களப்பிலிருந்து வந்து 1931இல் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்த விபுலானந்த அடிகளாகட்டும், அவருக்குப்பின் வந்த நாவலர் சோமசுந்தர பாரதியாராகட்டும், வகுப்பறையில் மட்டும் காணக்கிடைக்கும் மூர்த்திகளாக இருந்திருக்க முடியாது. நடக்கும் சாலை ஒன்று, தரிசிக்கும் கோயில் ஒன்று, ரயிலேறும் ஸ்டேஷனும் ஒன்றுதான். ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தின் சபையில் பேசிப் புகழ்பெற்ற சீனிவாச சாஸ்திரியார் 1935 முதல் 1940 வரையில் துணைவேந்தராக இருந்ததும் இந்த ஊரிலேதான். அத்தகையவரை எதிர்ப்பட்டு, கைகூப்பி, வழிவிட்டு ஒதுங்கி நிற்பதும் ஒரு கல்வியே. அதற்குப் பாடத்திட்டத்தில் இடமில்லை, பரீட்சையும் இல்லை.

ரயில் பாதைக்கு மேற்கே தீட்சிதர்களும் தேர்வீதிகளும் கொண்ட பழைய ஊர் தன் பஞ்சாங்கத்தை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனித் திருமஞ்சனம் கலாசாலை திறக்கும் காலத்தை ஒட்டி வருவதால், அப்போது தேர் பார்க்கும் கூட்டத்தில் புது மாணவர்க்குக் குறைவிராது. மார்கழித் திருவாதிரையோ பெரும்பாலும் விடுமுறையோடு கலந்துவிடும். மாணவர்கள் ஊருக்குப் போய்விட்ட அந்நாட்களில் கீழவீதிக் கடைக்காரருக்குத் தைரியம் அளிப்பவர்கள் வெளியூர்ப் பக்தர்களே.