கார் ஸ்கிரீனை மாத்தப் போறீங்களா? கழற்றிய பழைய பெட்டிக்குள் உங்க வீட்டு முகவரியும் இருக்கு!

திருவண்ணாமலை செங்கம் சாலையில், ரமணாசிரமம் வாசலை ஒட்டி நிற்கும் கார்களில் பச்சை நம்பர் பிளேட் இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது. பச்சையில் வெள்ளை எழுத்து என்றால் சொந்த மின்சாரக் கார், மஞ்சள் எழுத்து என்றால் வாடகைக் கார். வருபவர்கள் தங்கும் விடுதியின் வைஃபையில் காரை இணைக்கிறார்கள். போனை புளூடூத்தில் சேர்த்துப் பாட்டு கேட்கிறார்கள். 14 கி.மீ. கிரிவலப் பாதையை மேப்பில் போட்டு ஒரு சுற்று வருகிறார்கள். ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஆனால் இந்த விவரமெல்லாம் டேஷ்போர்டு நடுவில் இருக்கும் கம்ப்யூட்டரில் தங்கிவிடுகிறது.

'நான் யார்?' என்று விசாரிக்கச் சொன்னவர் ரமண மகரிஷி. அவரது ஆசிரம வாசலில் நிற்கும் காருக்கு, நீங்கள் யார் என்பது ஏற்கெனவே தெரியும்.

அந்தக் கம்ப்யூட்டரின் பெயர் இன்ஃபோடெயின்மென்ட் யூனிட். பாட்டு, மேப், ரிவர்ஸ் கேமரா, பல மின்சாரக் கார்களில் ஏசியும் சார்ஜிங் நேரமும்கூட இதில்தான். சில வருடங்களில் இது மெதுவாகிவிடும், டச் வேலை செய்யாது, புது ஆப் ஏறாது. உடனே மாற்றிவிடலாம் என்று தோன்றும். மாற்றலாம், தப்பில்லை. ஆனால் கழற்றிய பழைய பெட்டி எங்கே போகிறது?

டெஸ்லாவில் நடந்தது என்ன?

இந்தக் கேள்வியை உலகமே கேட்க வைத்தது டெஸ்லா. அதன் பழைய மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களின் திரைக்குப் பின்னால் 8 ஜிபி மெமரி சிப் ஒன்று இருந்தது. இந்த வகை சிப்பில் இத்தனை முறைதான் எழுதி அழிக்கலாம் என்று ஒரு கணக்கு உண்டு. காரின் கம்ப்யூட்டரோ ஓயாமல் பதிவுக் குறிப்புகளை எழுதிக்கொண்டே இருந்தது. சிலேட்டைத் தேய்த்துத் தேய்த்து ஓட்டை போட்ட கதைதான். சிப் செத்தால் திரை இருண்டுவிடும், ரிவர்ஸ் கேமராவும் கண்ணாடிப் பனி நீக்கியும் வேலை செய்யாது. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு விசாரணை நடத்தியது. 2021 பிப்ரவரியில் சுமார் 1.35 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்ய டெஸ்லா ஒப்புக்கொண்டது.

இது பாதிக் கதை. மீதி 2020 மே மாதமே வெளியாகிவிட்டது. பழைய யூனிட்டை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தும் அப்கிரேடு வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது. கழற்றப்பட்ட சில யூனிட்டுகள் ஈபே தளத்தில் விற்பனைக்கு வந்தன. 'கிரீன்தியோன்லி' என்ற புனைபெயரில் இயங்கும் ஆய்வாளர் சிலவற்றை வாங்கித் திறந்து பார்த்தார். முந்தைய உரிமையாளரின் வீடு, அலுவலக இருப்பிடம், வைஃபை பாஸ்வேர்டு, போனில் இருந்து வந்த தொடர்பு எண்கள், அழைப்புப் பட்டியல், காலண்டர் குறிப்புகள், நெட்ஃபிளிக்ஸ் லாகின் விவரம் எல்லாம் அப்படியே கிடந்தன. ஸ்பாட்டிஃபை பாஸ்வேர்டு பூட்டுகூடப் போடாமல் வெறும் எழுத்தாகவே இருந்தது. கழற்றிய யூனிட்டைச் சுத்தியலால் தட்டிவிட்டுக் குப்பையில் போடுவதுதான் சர்வீஸ் சென்டரில் நடைமுறை என்றும் அப்போது செய்தி வந்தது. சுத்தியல் கனெக்டரை உடைக்கும். சிப்பில் எழுதியதை அழிக்காது.

டெஸ்லா இந்தியாவில் முதல் ஷோரூம் திறந்ததே 2025 ஜூலையில், மும்பையில்தான். நம்ம ஊர் காருக்கு இது பொருந்துமா? பொருந்தும். நெக்ஸான் ஆகட்டும், வின்ட்சர் ஆகட்டும், க்ரெட்டா எலெக்ட்ரிக் ஆகட்டும், புளூடூத்தில் போனைச் சேர்க்கும்போது 'தொடர்புகள், அழைப்பு விவரங்களை அனுமதிக்கவா?' என்று ஒரு கேள்வி வரும். யோசிக்காமல் ஓகே தட்டுவோம். அந்த நிமிடமே போன்புக்கின் நகல் ஒன்று காருக்குள் போய்விடுகிறது.

ஆண்ட்ராய்டு ஆட்டோ, ஆப்பிள் கார்பிளே கொஞ்சம் வேறு மாதிரி. அங்கே மேப்பும் மெசேஜும் போனில்தான் ஓடுகின்றன, கார் திரை வெறும் கண்ணாடி. கேபிளைப் பிடுங்கினால் பெரும்பாலும் போனோடு போய்விடும். காரின் சொந்த மேப்பையும், காரிலேயே லாகின் செய்த ஆப்களையும்தான் அதிகம் கவனிக்க வேண்டும்.

சாஃப்ட்வேரா, பெட்டியா?

'அப்கிரேடு' என்ற ஒரே வார்த்தையில் இரண்டு வேலை இருக்கிறது. சாஃப்ட்வேர் அப்டேட் என்றால் காரிலுள்ள சிம் வழியாகவோ வைஃபை வழியாகவோ வந்து ஏறும். பெட்டி மாறாது, உங்கள் தகவலும் அங்கேயே இருக்கும். பெரிய ஆபத்து இல்லை. யூஎஸ்பியில் ஏற்றுவதாக இருந்தால் கார் நிறுவனத்தின் தளத்தில் இருந்து மட்டும் எடுக்கவும். வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ அனுப்பிய ஃபைலை ஏற்றினால், கார் பாதியில் உறைந்து நின்றாலும் கேட்க ஆள் இல்லை.

பெட்டியையே மாற்றுவது வேறு கதை. கடைகளில் பெரிய திரை கொண்ட ஆண்ட்ராய்டு யூனிட்டுகள் கிடைக்கின்றன. பெட்ரோல் காரில் பலர் போட்டிருக்கிறார்கள். மின்சாரக் காரில் அவசரப்படக் கூடாது. ஏசியும் சார்ஜிங் அமைப்பும் அந்தத் திரைக்குள்ளேயே இருந்தால், வெளி யூனிட் அந்த வேலையைச் செய்யாமல் போகலாம். வயரை வெட்டி ஒட்டினால் வாரண்டியில் சிக்கல் வரும். திரைக்குப் போவது 12 வோல்ட் லைன்தான், ஆனால் ஆரஞ்சு நிற கேபிள் எங்கே தெரிந்தாலும் அது உயர் மின்னழுத்தம். ஸ்டீரியோ கடைக்காரர் கை வைக்கிற இடம் அது இல்லை.

கழற்றும் முன் என்ன செய்யணும்?

முதலில் வண்டியில் லாகின் செய்த ஒவ்வொரு ஆப்பிலும் வெளியேறுங்கள். அடுத்து 'ஃபேக்டரி ரீசெட்'. செட்டிங்ஸில் சிஸ்டம் என்ற பகுதியில் பெரும்பாலும் இருக்கும். பாதியில் நின்றுவிடாமல் இருக்க, வண்டி நிறுத்தத்தில், கொஞ்சம் சார்ஜ் இருக்கும்போது செய்யவும். முடிந்ததும் திரையைத் திறந்து, போன் பட்டியலும் மேப்பில் பழைய இடங்களும் காலியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். பேட்டரி ஆரோக்கிய விவரம் அழிந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். அது பேட்டரியைக் கவனிக்கும் தனி கம்ப்யூட்டரின் வேலை.

அடுத்தது பலரும் மறக்கும் விஷயம். போனில் உள்ள கார் நிறுவன ஆப்பில் இருந்தும் அந்த வண்டியை நீக்க வேண்டும். ரீசெட் செய்தால் பெட்டி மட்டும்தான் காலியாகும், நிறுவன சர்வரில் இருப்பது போகாது. அந்த சர்வரும் கோட்டை ஒன்றும் இல்லை. 2024 டிசம்பரில் ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் சுமார் 8 லட்சம் மின்சாரக் கார்களின் தகவல் இணையத்தில் திறந்து கிடந்தது அம்பலமானது. அதில் சுமார் 4.6 லட்சம் கார்கள் எங்கெங்கே நின்றன என்பதும் இருந்தது.

சர்வீஸ் சென்டரில் ஜாப் கார்டு போடும்போதே 'பழைய யூனிட்டைத் திருப்பித் தரவும்' என்று எழுதச் சொல்லுங்கள். காசு கொடுத்து மாற்றும்போது பழைய உதிரிபாகத்தைக் கேட்பதில் கூச்சம் தேவையில்லை. மெக்கானிக்கிடம் பழைய கிளட்ச் பிளேட்டைக் காட்டச் சொல்வதில்லையா? அதே மாதிரிதான். வாரண்டியில் மாற்றினால் பழையது நிறுவனத்துக்கே போகும். அப்போது ரீசெட் செய்த பிறகே கொடுக்க வேண்டும். தகவலை அழித்துவிடுவோம் என்று ஒரு வரி ஈமெயிலில் வாங்கிக்கொள்வது நல்லது.

ஸ்கிரீனே செத்துப்போச்சுன்னா?

பெரும்பாலும் யூனிட்டை மாற்றுவதே இதற்காகத்தான். திரை எரியாவிட்டால் ரீசெட் செய்ய வழியில்லை, சிப்பில் எல்லாம் அப்படியே இருக்கும். இங்கே போன்தான் கைகொடுக்கும். கூகுள் கணக்கில் 'உங்கள் சாதனங்கள்' பகுதிக்குப் போய் காரை வெளியேற்றுங்கள். பாட்டு, வீடியோ ஆப்களில் 'எல்லாச் சாதனங்களிலும் வெளியேறு' என்பதைத் தட்டி, பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். வீட்டு வைஃபை பாஸ்வேர்டையும் சேர்த்துத்தான். தொடர்பு எண்களைத் திரும்ப எடுக்க முடியாது. அதனால்தான் இந்த நிலையில் யூனிட்டைக் கையில் வாங்குவது இன்னும் முக்கியம்.

பழைய கார் வாங்குறவங்களும் கவனிங்க

விற்றவர் ஆப்பில் இருந்து வண்டியை நீக்காவிட்டால், வாங்கியவர் எங்கே போகிறார் என்று விற்றவரின் போனில் தெரியலாம். இது கற்பனை இல்லை. ஐபிஎம் நிறுவனத்தின் பாதுகாப்பு நிபுணர் சார்லஸ் ஹெண்டர்சன், தான் விற்றுவிட்ட காரை விற்று ரொம்ப நாள் கழித்தும் தன் போன் ஆப்பில் பார்க்கவும் இயக்கவும் முடிந்ததை 2017-ல் வெளிப்படுத்தினார். அவரும் விற்பதற்கு முன் ரீசெட் செய்தவர்தான். ஆகவே ஆர்சி பெயர் மாற்றும் அதே வாரத்தில், டீலரிடம் சொல்லி ஆப் கணக்கையும் மாற்றிவிட வேண்டும்.

சட்டம் என்ன சொல்லுது?

தனிநபர் டிஜிட்டல் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. தன் தகவலை அழிக்கச் சொல்லி நிறுவனத்திடம் கேட்கும் உரிமை இதில் உண்டு. பாதுகாப்பில் கோட்டை விடும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம். ஆனால் முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர விதிகளில் 18 மாத அவகாசம் தரப்பட்டது, அதாவது 2027 மே. இன்னொன்று, ஒரு தனிநபர் தன் சொந்த, வீட்டு உபயோகத்துக்காகக் கையாளும் தகவலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. பழைய பெட்டியை வாங்கிய ஒருவர் வீட்டில் உட்கார்ந்து உங்கள் எண்களைப் பார்த்தால் இந்தச் சட்டம் எவ்வளவு உதவும் என்பது சந்தேகமே.

வாடகைக் காரில் வந்தவர்களுக்கு...

ரமணாசிரமம் பக்கம் விமான நிலையத்தில் இருந்து வாடகைக் காரில் வந்திறங்கும் வெளிநாட்டவரும் வெளியூர்க்காரரும் அதிகம். மூன்றரை, நாலு மணி நேரப் பயணத்தில் பாட்டுக்காகப் போனைச் சேர்ப்பது சகஜம். சேர்க்கும்போது தொடர்பு எண் அனுமதியை மறுத்தாலும் பாட்டு ஓடும். இறங்கும் முன் கார் திரையின் புளூடூத் பட்டியலில் உங்கள் போனை அழியுங்கள், போனிலும் காரை அழியுங்கள். போனில் மட்டும் அழித்தால் காரில் உங்கள் பெயர் நிற்கும்.

சொந்தக் காரில் வருபவர்கள், மேப்பில் 'வீடு' என்று சரியான கதவு எண்ணைப் போடாமல் தெருமுனைக் கடையையோ பக்கத்து பஸ் ஸ்டாப்பையோ போட்டு வைக்கலாம். தீபத் திருநாள் கூட்டத்தில் எங்கோ நிறுத்திய காரை ஒருவன் திறந்துவிட்டால், உங்கள் வீடு எங்கே என்பதும் அங்கே இப்போது நீங்கள் இல்லை என்பதும் ஒரே நேரத்தில் அவனுக்குத் தெரிந்துவிடும்.