பழைய ஸ்டீல் ஃப்ரேமை எடைக்குப் போடாதீங்க

1/ பழைய ஸ்டீல் மவுண்டன் பைக் ஃப்ரேம் கைக்கு வந்தா, பெயின்ட் போச்சேன்னு தூக்கிப் போடாதீங்க. அதோட வரலாறு குழாய்லயே இருக்கு.

2/ 1976, கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டி. ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், சார்லி கெல்லி கூட்டம் 1930-40களின் கனமான ஷ்வின் சைக்கிள்களை மண்சரிவில் இறக்கி ரேஸ் விட்டாங்க. பின்சக்கர பிரேக் கொதிச்சு கிரீஸ் புகையாப் போயிடும். திரும்பத் திரும்ப அடைக்கணும். அதனால அந்தப் பாதைக்கே 'ரீபேக்'னு பேர்!

3/ கிரீஸை அடைச்சுக்கலாம். ஃப்ரேம் உடைஞ்சா? 1977ல ஜோ பிரீஸ் குரோம்-மாலி ஸ்டீல்ல மலைக்குன்னே புது ஃப்ரேம் செஞ்சார். அந்த முதல் 'பிரீசர்' இன்னைக்கு ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துல. 1981ல ஸ்பெஷலைஸ்டு கம்பெனியின் 'ஸ்டம்ப்ஜம்பர்' இந்த வகையைச் சாதாரண கடைக்கே கொண்டுவந்தது.

4/ உங்களோடது எது? கவிழ்த்துப் போட்டு, பெடல் அச்சு போற கூட்டுக்கு அடியில சீரியல் நம்பரைத் தேடுங்க. 28.6 மி.மீ. சீட் குழாய்ல 27.2 மி.மீ. சீட் போஸ்ட் இறங்குதா? குழாய்ச் சுவர் மெலிசு. நல்ல ஸ்டீலுக்கான அடையாளம்.

5/ பெயின்ட் அடிக்கும் முன்னாடி ஹேண்டில்பார் குழாய்க்குக் கீழ்ப்பக்கம் தடவிப் பாருங்க. மேடா வீங்கியிருந்தா எங்கேயோ மோதின ஃப்ரேம். விரிசல் இருந்தா ஏறவே ஏறாதீங்க. இறக்கத்துல அது பிஞ்சா முதல்ல தரையில படுறது முகம்தான். ஸ்டீல்ல ஒரு வசதி, தேர்ந்த கை இருந்தா கெட்ட குழாயை மட்டும் மாத்திடலாம்.