கரும்பலகையில் நான் எழுதிய ஒரு வரிக்குத் திருத்தம்



"ஒரு தூய பொருளின் உருகுநிலை மாறாதது." ஒன்பதாம் வகுப்பில் இதை எழுதிப் போட்டு, அடிக்கோடும் இழுத்தவன் நான். அந்த வரி முழு உண்மை அல்ல.

நம் சுவாமிமலையிலிருந்தே தொடங்குகிறேன். மெழுகும் குங்கிலியமும் கலந்து சிலை செய்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசி, சூடாக்கி மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள் ஸ்தபதிகள். தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் நிற்கும் 1011-ஆம் ஆண்டின் திருவெண்காட்டு ரிஷபவாகன தேவரும் இப்படி மெழுகில் பிறந்தவர்தான்.

அந்தக் கலவையில் ஈயமும் உண்டு. செம்பு உருகுவது 1085 டிகிரி செல்சியஸில், ஈயம் 327-இல். இறுகிய செம்பில் ஈயம் கரையாது. ஆகவே சிலை கெட்டியான பிறகும், அதனுள் ஈயம் சிறு துளிகளாகத் திரவமாகவே சிறைப்பட்டிருந்து, கடைசியில்தான் உறைகிறது.

அந்தத் துளி இன்னும் பல்லாயிரம் மடங்கு சிறுத்து, மீட்டரில் நூறு கோடியில் சில பங்கு என்ற அளவுக்கு வந்தால்? மேற்பரப்பு அணுக்களுக்குப் பிடிமானம் குறைவு. சிறு துகளில் அவற்றின் பங்கு அதிகம். எனவே அது சீக்கிரம் உருகும் என்று 1909-இல் பாவ்லோவ் கணித்தார். 1954-இல் ஜப்பானின் தகாகி, மெல்லிய ஈயப் படலத்தில் அதைக் கண்டார். மிக நுண்ணிய தங்கத் துகள்கள் பல நூறு டிகிரி முன்பே உருகுவதை 1976-இல் புஃபாவும் போரலும் அளந்தார்கள்.

வியப்பு இனிமேல்தான். அலுமினியத்துக்குள் ஈயத் துகளைப் பொதித்து, இரண்டின் அணு வரிசைகளும் ஒழுங்காகப் பொருந்தினால், ஈயம் 327 டிகிரியைத் தாண்டியும் உருகாமல் நிற்கிறது! உருகலைத் தொடங்கிவைக்கத் திறந்த மேற்பரப்பு இல்லை. பொருத்தம் கெட்டால் அதே ஈயம் முன்னதாகவே உருகிவிடுகிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கமானியோ சட்டோபாத்யாயவும் கோஸ்வாமியும் இத்துறையை ஆராய்ந்து, 1997-இல் விரிவாகத் தொகுத்து எழுதினார்கள். நான் அடிக்கோடு இழுத்துக்கொண்டிருந்த அதே காலம்!

ஆகவே பிள்ளைகளே, பழைய நோட்டை இன்னும் வைத்திருப்பவர்கள் திருத்திக்கொள்ளுங்கள்: "அளவும் அண்டையும் மாறினால் உருகுநிலையும் மாறும்." உங்களில் ஆசிரியரானவர்கள், அடுத்த வகுப்பிலாவது சரியாகச் சொல்லிக்கொடுங்கள்.