பத்திரத்தில் கிடைத்த பாட்டனார்

1859 டிசம்பரில் ஆப்ரகாம் லிங்கன் தன்னைப் பற்றிச் சுருக்கமாக ஒரு குறிப்பு எழுதினார். அடுத்த ஆண்டு ஜனாதிபதித் தேர்தலுக்கு அவர் பெயர் அடிபடத் தொடங்கியிருந்த நேரம். இல்லினாயில் ஜெஸ்ஸி ஃபெல் என்ற நண்பர் கேட்டு வாங்கிய குறிப்பு அது. அதில் தன் வம்சத்தைப் பற்றி அவரால் சொல்ல முடிந்தது சில வரிகள்தான். தந்தைவழிப் பாட்டனாரின் பெயரும் ஆப்ரகாம் லிங்கன். வர்ஜீனியாவின் ராக்கிங்ஹாம் கவுண்டியிலிருந்து 1781 அல்லது 82 வாக்கில் கென்டக்கிக்குப் போனவர். ஓரிரு ஆண்டுகளில், காட்டை வெட்டிக் கழனியாக்கிக்கொண்டிருந்தபோது பூர்வகுடிகளால் கொல்லப்பட்டார். அவருக்கு முந்தியவர்கள் பென்சில்வேனியாவின் பெர்க்ஸ் கவுண்டியிலிருந்து வந்தவர்கள். அதற்கு மேலே இருட்டு.

அவர் தேடாமல் இல்லை. 1848ல் காங்கிரஸ் உறுப்பினராக வாஷிங்டனில் இருந்தபோது, மாசசூசெட்ஸின் ஹிங்ஹாம் ஊரைச் சேர்ந்த சாலமன் லிங்கன் என்பவரோடு கடிதம் பரிமாறினார். வர்ஜீனியாவில் அதே குடும்பப் பெயரோடு இருந்த இன்னொருவருக்கும் எழுதினார். ஆப்ரகாம், மொர்தெகாய், சாலமன் என்ற பெயர்கள் இரு பக்கமும் திரும்பத் திரும்ப வருகின்றன என்பதைத் தாண்டி எதுவும் உறுதிப்படவில்லை. அந்த முயற்சி அங்கேயே நின்றது.

பாட்டனார் கொல்லப்பட்டபோது லிங்கனின் தந்தை தாமஸுக்கு எட்டு வயது இருக்கும். படிக்கவோ எழுதவோ முறையாகக் கற்காமல் வளர்ந்தவர். தட்டுத்தடுமாறித் தன் பெயரை மட்டும் எழுதுவார். அப்படிப்பட்ட வீட்டில் குடும்பக் கதை என்பது குளிர்கால இரவில் அடுப்பருகே சொல்லப்படுவது. சொல்பவர் போனால் கதையும் போய்விடும். ஆனால் அந்தக் குடும்பம் மறந்ததையெல்லாம் கவுண்டி கோர்ட்டின் பதிவேடுகள் மறக்கவில்லை. அமெரிக்க எல்லைப்புறக் குடும்பங்களைத் தேடுகிறவர்களுக்குக் கிடைக்கும் பெரும் புதையல் இதுதான். அன்பின் பேரில் எழுதி வைத்தவை குறைவு. நிலம், கடன், வரி, வழக்கு, ஜாமீன் இவற்றின் பேரில் எழுதப்பட்டவை ஏராளம்.

முதலில் நிலம். 1780 பிப்ரவரியில் மூத்த ஆப்ரகாம், லின்வில் ஓடைக்கரையில் இருந்த 250 ஏக்கரை 5,000 பவுண்டுக்கு விற்றார். தொகையைப் பார்த்து மலைக்க வேண்டாம்; சுதந்திரப் போர்க் காலத்தில் வர்ஜீனியாவின் காகிதப் பணம் அந்த அளவுக்கு மதிப்பிழந்து கிடந்தது. அன்றைய சட்டப்படி கணவன் நிலத்தை விற்றாலும் மனைவிக்கு அதில் ஆயுள் உரிமை உண்டு. அவள் தனியாகச் சம்மதம் சொன்னால்தான் கிரயம் வில்லங்கமில்லாமல் நிற்கும். ஆப்ரகாமின் மனைவி பத்ஷீபா கோர்ட்டுக்குப் பயணம் செய்ய முடியாத நிலையில் இருந்ததால், அதிகாரிகள் நேரில் போய்ச் சம்மதம் வாங்கிப் பதிந்தார்கள். அந்தப் பதிவின் காலம் 1781 செப்டம்பர். ஆக அதுவரை அந்தப் பெண் வர்ஜீனியாவை விட்டுக் கிளம்பவில்லை. ஒரு குடும்பம் மலை தாண்டிப் போன காலத்தை, அந்தக் குடும்பத்தில் யாருமே குறித்து வைக்காத ஒன்றை, பத்திர எழுத்தர் ஒருவர் தம் கடமையைச் செய்ததால் இன்று நாம் கணிக்க முடிகிறது.

நிலத்தை விற்ற கையோடு, 1780 மார்ச்சில், 400 ஏக்கருக்கான அரசு வாரண்ட் ஒன்றை ஆப்ரகாம் 160 பவுண்டு கொடுத்து வாங்கினார். கென்டக்கி அப்போது தனி மாநிலமல்ல, வர்ஜீனியாவின் மேற்குப் பகுதி. அங்கே நிலம் சொந்தமாவதற்கு நான்கு படிகள்: வாரண்ட், இன்ன இடம் வேண்டும் என்ற பதிவு, சர்வே, கடைசியில் அரசின் மானியப் பத்திரம். ஒவ்வொரு படியிலும் ஒரு காகிதம் உண்டு. ஜெஃபர்சன் கவுண்டியில் லாங் ரன் என்ற ஓடையை ஒட்டி அவருக்கு நிலம் அளக்கப்பட்டது 1785 மே 7 அன்று. அந்தச் சர்வே காகிதத்தில் அவர் பெயர் ‘லிங்க்ஹார்ன்’. காதில் விழுந்தபடி எழுதினார் எழுத்தர். அகரவரிசையில் ‘லிங்கன்’ என்று மட்டும் தேடுகிறவருக்கு இந்த 400 ஏக்கர் கண்ணில் படவே படாது.

சர்வே காகிதத்தின் அடியில் இருக்கும் பெயர்களைப் பலர் படிக்காமல் விட்டுவிடுவார்கள். அங்கேதான் உறவு ஒளிந்திருக்கிறது. அளவுச் சங்கிலி பிடிக்க இருவர் வேண்டும், எல்லை மரங்களில் கோடாலியால் அடையாளம் வெட்ட ஒருவர் வேண்டும். அந்த வேலைக்குப் பெரும்பாலும் வெளியாளைக் கூலிக்கு அழைப்பதில்லை. மகன், மைத்துனன், பங்காளி, பக்கத்து நிலத்துக்காரர் வருவார்கள். லாங் ரன் சர்வேயில் சங்கிலி பிடித்தவர்கள் அனனியா, ஜோசையா. இருவருக்கும் குடும்பப் பெயர் லிங்கன். ஜோசையா என்பது ஆப்ரகாமின் இரண்டாவது மகனின் பெயர். மரங்களில் அடையாளம் வெட்டியவராக ஆப்ரகாமின் பெயரே இருக்கிறது. பேரன் எழுதியபடி 1784க்குள் இறந்திருந்தால், 1785 மே மாதத்தில் கோடாலியோடு அவர் எப்படி நிற்க முடியும்? அவர் கொல்லப்பட்டது 1786ல்.

அந்த ஆண்டுக் கணக்கு வெறும் தேதித் திருத்தம் அல்ல. வர்ஜீனியாவில் உயில் இல்லாமல் இறப்பவரின் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே போகும் என்ற பழைய சட்டம் 1787 ஜனவரி முதல் தேதியோடு ஒழிந்தது. ஆப்ரகாம் இறந்தது அதற்குச் சில மாதங்கள் முன்னால். மூத்தவர் மொர்தெகாய்க்கு எல்லா நிலமும் வந்தது. கடைசி மகன் தாமஸுக்கு ஒரு காணி கிடையாது. அடுத்த ஆண்டு இறந்திருந்தால் தாமஸ் பங்காளியாகியிருப்பார். கூலி வேலையும் தச்சு வேலையும் செய்து சேர்த்த காசில் நிலம் வாங்க அவர் கவுண்டி கவுண்டியாக அலைந்த வாழ்க்கையின் வேர் இந்தச் சில மாத இடைவெளியில் இருக்கிறது.

தாமஸின் சுவடுகள் வரிப் பட்டியல்களில் கிடைக்கின்றன. மக்கள்தொகைக் கணக்கை நம்பிப் பயனில்லை. 1790, 1800 ஆகிய இரண்டு கூட்டாட்சிக் கணக்கெடுப்புகளிலும் கென்டக்கியின் ஏடுகள் தப்பவில்லை. கையில் இருப்பது 1810 முதல்தான். 1850க்கு முன் வீட்டுத் தலைவர் பெயரை மட்டுமே எழுதினார்கள். மற்றவர்கள் வயது வாரியாகக் கட்டங்களில் விழும் எண்ணிக்கை. மனைவிக்குப் பெயரில்லை, குழந்தைக்குப் பெயரில்லை. வரி வசூலிப்பவரோ ஆண்டுதோறும் வந்தார். நிலம் எத்தனை ஏக்கர், குதிரை எத்தனை என்று எழுதினார். ஒருவர் இருபத்தொரு வயதைத் தொட்டதையும், குடிபெயர்ந்ததையும், செத்ததையும் இந்தப் பட்டியல்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஊகிக்கலாம். வாழ்க்கை வரலாறுகளில் சோம்பேறி, கையாலாகாதவர் என்றெல்லாம் வைக்கப்பட்ட தாமஸை அவருடைய வட்டாரத்தின் 1814 வரிப் பட்டியல் வேறு மாதிரி காட்டுகிறது: சொத்துள்ள 98 பேரில் அவர் பதினைந்தாவது.

அவரை வீழ்த்தியது சோம்பல் அல்ல, எல்லைக்கோடு. கென்டக்கியில் நிலம் அளந்த முறையில், ஓடை முகத்துவாரத்திலிருந்து இரண்டு மைல், அங்கிருந்து சர்க்கரை மேப்பிள் மரம், அங்கிருந்து இரண்டு பீச் மரங்கள் என்று எல்லை போகும். மரம் விழும், ஓடை திசை மாறும். ஒருவர் அளந்ததை அறியாமல் இன்னொருவர் அதன்மேல் அளப்பார். ஓட்டின் மேல் ஓடு வேய்ந்தது போல உரிமைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. 1803ல் 118 பவுண்டுக்கு வாங்கிய மில் கிரீக் பண்ணை, 1808ல் வாங்கிய, லிங்கன் பிறந்த சிங்கிங் ஸ்பிரிங் பண்ணை, பிறகு நாப் கிரீக் பண்ணை என மூன்றிலும் தாமஸுக்கு உரிமைத் தகராறு. 1816 இறுதியில் குடும்பம் ஓஹையோ நதியைத் தாண்டி இண்டியானா போனது. அடிமைமுறையும் ஒரு காரணம், ஆனால் முக்கியக் காரணம் கென்டக்கியின் நில உரிமைச் சிக்கல் என்று லிங்கனே பின்னாளில் எழுதினார்.

இண்டியானாவில் காகிதத்தின் முகமே மாறுகிறது. 1785 நிலச் சட்டத்தின்படி அங்கே கூட்டாட்சி அரசு நிலத்தை முன்கூட்டியே சதுரம் சதுரமாக அளந்து வைத்திருந்தது. ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப், அதற்குள் 640 ஏக்கர் கொண்ட 36 செக்‌ஷன்கள். 1817 அக்டோபர் 15 அன்று வின்சென்ஸ் நில அலுவலகத்தில் தாமஸ் 16 டாலர் கட்டி, 32ஆம் செக்‌ஷனின் தென்மேற்குக் கால் பகுதியை, 160 ஏக்கரை, தன் பேரில் பதிந்தார். ஏக்கர் இரண்டு டாலர். டிசம்பரில் 64 டாலர் கட்டினார். மீதியைக் கட்ட முடியாமல் பாதி நிலத்தைத் திருப்பிக் கொடுத்து, 1827ல் 80 ஏக்கருக்குப் பட்டா பெற்றார். இந்த நிலத்தின் மேல் யாரும் வழக்குப் போடவில்லை. அவர் மனநிம்மதியோடு உழுத முதல் மண் அது என்று சொல்லத் தோன்றுகிறது.

தாய்வழி இன்னும் கரடுமுரடானது. லிங்கனின் தாய் நான்சி ஹாங்க்ஸுக்கும் தாமஸுக்கும் கல்யாணமே ஆகவில்லை என்று அரசியல் எதிரிகள் வதந்தி பரப்பினார்கள். தேடியவர்கள் எல்லாரும் தேடியது ஹார்டின் கவுண்டியில், தாமஸ் வாழ்ந்த இடத்தில். அந்தக் கவுண்டியின் எழுத்தர் சாமுவேல் ஹேக்ராஃப்ட் 1860ல் லிங்கனுக்கே எழுதினார். அவர் கண்டது 1819ல் தாமஸ் செய்துகொண்ட இரண்டாம் திருமணப் பதிவை. அந்தப் பெண்மணிதான் தாய் என்று அவர் நினைக்க, என் தாய் நான்சி ஹாங்க்ஸ் என்று லிங்கன் திருத்தி எழுத வேண்டியிருந்தது. உண்மையான பதிவு பக்கத்து வாஷிங்டன் கவுண்டியில் கிடந்தது. கல்யாணம் பெண் வீட்டுப் பக்கம் நடக்கும் என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை போலும். 1806 ஜூன் 10 தேதியிட்ட 50 பவுண்டு திருமணப் பிணைப்பத்திரம், தாமஸும் ரிச்சர்ட் பெர்ரியும் கையெழுத்திட்டது. ஜூன் 12 அன்று ஜெஸ்ஸி ஹெட் என்ற மெதடிஸ்ட் போதகர் கல்யாணம் செய்துவைத்ததற்கான அறிக்கை. கவுண்டி எழுத்தர் ஒருவர் அதைக் கண்டெடுத்தது 1878ல். லிங்கன் சுடப்பட்டு 13 ஆண்டுகள் ஆகியிருந்தன. தாயின் பெயரைக் காக்கும் காகிதத்தை அந்த மகன் பார்க்காமலே போனார்.

நான்சியின் பெற்றோர் யார்? 1793ல் நெல்சன் கவுண்டியில் ஜோசப் ஹாங்க்ஸ் என்பவர் எழுதிய உயிலில், மகன்களுக்குக் குதிரைகள், மகள்களுக்கு ஆளுக்கொரு பசு அல்லது கிடாரி என்று பங்கு இருக்கிறது. மகள்களில் ஒருத்தி நான்சி. இதை வைத்து 1899ல் கரோலின் ஹிட்ச்காக் ஒரு புத்தகமே எழுதி, லிங்கனின் தாய் இவள்தான் என்றார். உயில் உண்மையானது, பெயர் உண்மையானது, ஆள்தான் வேறு. அந்த நான்சி, லிங்கனோடு வளர்ந்த உறவினர் டென்னிஸ் ஹாங்க்ஸின் தாய். ஒரே குடும்பத்தில் மூன்று நான்சிகள் இருப்பது எல்லைப்புறத்தில் சகஜம். ஒருவருக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பது அடையாளமாகாது. 1920களில் வில்லியம் பார்ட்டன் போன்ற ஆய்வாளர்கள் லூசி ஹாங்க்ஸ் என்ற பெண்ணின் பக்கம் விரலை நீட்டினார்கள். 1790ல் மெர்சர் கவுண்டியில் தன் திருமணத்துக்காகத் தனக்கு வயது வந்துவிட்டதென்று சான்று எழுதிக் கொடுத்தவர் லூசி. 2015ல் தாய்வழி மரபணுச் சோதனையும் அவரையே நான்சியின் தாய் என்று காட்டியது.

தந்தைவழியில் முடிச்சை அவிழ்த்ததும் சொத்துதான். இன்றைய பெர்க்ஸ் கவுண்டிப் பகுதியில் 1736ல் இறந்த மொர்தெகாய் லிங்கன், நியூ ஜெர்சியில் இருந்த நிலத்தை மூத்த மகன் ஜானுக்கு எழுதி வைத்தார். பின்னாளில் அதை விற்ற ஜான், 1768ல் வர்ஜீனியா போய்க் குடியேறியவரேதான். லாங் ரன் ஆப்ரகாமின் தந்தை. நியூ ஜெர்சி நிலம் கைமாறிய வழியே போனால் மாசசூசெட்ஸ் வருகிறது. அங்கே ஹிங்ஹாமில், 1637ல் இங்கிலாந்தின் நார்ஃபோக்கிலிருந்து கப்பலேறிய சாமுவேல் லிங்கன் என்ற நெசவுத் தொழில் பயின்ற இளைஞர். 1887ல் சாமுவேல் ஷாக்ஃபர்ட் இந்தத் தொடர்ச்சியை நியூ இங்கிலாந்து வம்சாவளி இதழில் வெளியிட்டார். 1923ல் வால்டோ லிங்கன் முழு நூலாக்கினார். 1848ல் லிங்கன் தட்டிய கதவு சரியான கதவுதான்.

பணம் கொடுக்கிறேன் என்று அரசு சொன்னபோதும் நினைவுகள் காகிதமாயின. 1832 ஜூனில் காங்கிரஸ் இயற்றிய சட்டம், சுதந்திரப் போரில் மிலீஷியாவாக இருந்தவர்களுக்கும் பென்ஷன் தந்தது. முதியவர்கள் கோர்ட்டில் நின்று எங்கே பிறந்தோம், எந்தெந்த ஊரில் வாழ்ந்தோம், எந்தத் தளபதியின் கீழ் நின்றோம் என்று சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதினார். பின்னாளில் விதவைகள் திருமணத்தை நிரூபிக்கக் குடும்ப பைபிளிலிருந்து பிறப்பு, திருமணத் தாள்களைக் கிழித்து அனுப்பினார்கள். அந்தத் தாள்கள் இன்று வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தின் பென்ஷன் கோப்புகளில் இருக்கின்றன. அரசு மட்டுமல்ல, லைமன் டிரேப்பர் என்ற ஒற்றை மனிதரும் ஆண்டுக்கணக்கில் ஊர் ஊராகப் போய் வயதானவர்களிடம் பேசி எழுதிக்கொண்டார். 1851ல் கென்டக்கி முன்னோடி டேனியல் பூனின் மகன் நேதனை உட்காரவைத்துக் கேட்டு எழுதியதும் அவர்தான். அவருடைய தொகுப்பு விஸ்கான்சின் வரலாற்றுச் சங்கத்தில் இருக்கிறது.

இந்தக் காகிதங்கள் யாரை எழுதவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். லாங் ரன் கரையில் அளக்கப்பட்ட நிலம் காலி நிலம் அல்ல. ஷானீ உள்ளிட்ட பூர்வகுடிகள் வேட்டையாடி வந்த மண். பாட்டனாரைக் கொன்றவரைச் சிறுவன் மொர்தெகாய் சுட்டதாகக் குடும்பக் கதை சொல்கிறது. அந்த மனிதனின் பெயரை எந்த எழுத்தரும் கேட்கவில்லை. கறுப்பினக் குடும்பங்களுக்கோ, இதே வரிப் பட்டியல்கள் ஏக்கருக்கும் குதிரைக்கும் பக்கத்தில் அவர்களை எண்ணிக்கையாக நிறுத்தின. 1850, 1860 அடிமைக் கணக்கேடுகளில் வயதும் நிறமும் உண்டு, உடைமையாளர் பெயர் உண்டு, அவர்கள் பெயர் கிடையாது. கூட்டாட்சிக் கணக்கெடுப்பில் பெரும்பாலோர் முழுப் பெயரோடு வருவது 1870ல்தான். அதற்கு முன்னே போக வேண்டுமென்றால், விடுதலை பெற்ற கறுப்பினத்தவருக்காக 1865ல் தொடங்கிய ஃப்ரீட்மன்ஸ் வங்கியின் கணக்குப் புத்தகங்களிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். கணக்குத் தொடங்க வந்தவரிடம் பெற்றோர், உடன்பிறந்தோர், பிறந்த இடம், சில வேளைகளில் பழைய எஜமானர் பெயரையும் கேட்டு எழுதினார்கள். அந்த எஜமானர் பெயரைப் பிடித்துக்கொண்டு கவுண்டி கோர்ட்டுக்குப் போய், அவருடைய உயிலையும் சொத்துப் பட்டியலையும் வரி வரியாகப் படிக்கிறார்கள். அங்கே கலப்பைக்கும் கறவை மாட்டுக்கும் நடுவே, விலையோடு ஒரு முதற்பெயர் எழுதப்பட்டிருக்கும்.