நெடுந்தொலைவுப் பாலைவனக் குழு

நெடுந்தொலைவுப் பாலைவனக் குழு என்பது இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியத் தரைப்படையின் கீழ் இயங்கிய ஒரு வேவுப் படைப்பிரிவாகும். எதிரியின் போர்முனைக்குப் பின்னால் பல நூறு கிலோமீட்டர் ஊடுருவித் தகவல் திரட்டுவதே இதன் முதன்மைப் பணியாகும்.

தோற்றம்

1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. அதன் குடியேற்ற நாடான லிபியாவிலிருந்து எகிப்து தாக்கப்படும் அபாயம் ஏற்பட்டது. போருக்கு முன்னரே லிபியப் பாலைவனத்தைத் தானுந்துகளில் ஆராய்ந்தவரான மேஜர் ரால்ஃப் பாக்னோல்ட், இப்படைப்பிரிவைத் தளபதி ஆர்ச்சிபால்ட் வேவலிடம் முன்மொழிந்தார். அவரது ஒப்புதலுடன் 1940 ஜூலையில் இது உருவாக்கப்பட்டது.

அமைப்பு

தொடக்கத்தில் நியூசிலாந்து வீரர்களே பெரும்பான்மையினர். பின்னர் பிரித்தானியரும் ரொடீசியரும் சேர்க்கப்பட்டனர். இந்திய நெடுந்தொலைவு ஸ்குவாட்ரன் 1942 இல் இதனுடன் இணைந்து செயல்பட்டது. குழுவின் அடிப்படை அலகு ரோந்து அணி எனப்பட்டது. பிற்காலத்தில் ஓர் அணியில் ஓர் அதிகாரியும் 15 முதல் 18 வீரர்களும் ஐந்து அல்லது ஆறு சரக்குந்துகளில் சென்றனர். வழிகாட்டி, வானொலி இயக்குநர், மருத்துவ உதவியாளர், பழுது நீக்குநர் ஆகியோர் அணியில் இடம்பெற்றனர்.

வாகனத்தின் இரும்பு காந்தத் திசைகாட்டியைப் பிறழச் செய்யும் என்பதால், பாக்னோல்ட் வடிவமைத்த சூரியத் திசைகாட்டி பயன்பட்டது. இரவில் விண்மீன்களை அளந்து இருப்பிடம் கணிக்கப்பட்டது. கொதிக்கும் குளிர்விப்பு நீரின் ஆவி ஒரு கலத்தில் ஒடுக்கப்பட்டு மீண்டும் நீராகச் சேமிக்கப்பட்டது.

பணிகள்

இக்குழு முர்சுக் (1941), பார்சே (1942) ஆகிய இடங்களில் அதிரடித் தாக்குதல்களை நடத்தியது. சிறப்பு வான்சேவைப் படையினரை அவர்களது இலக்குகளுக்கு அழைத்துச் சென்றது. எனினும் இதன் பெரும் பங்களிப்பு சாலைக் கண்காணிப்பு ஆகும். 1942 மார்ச் முதல் ஜூலை வரை, திரிப்பொலியிலிருந்து கிழக்கே செல்லும் கடற்கரைச் சாலையருகே இருவர் இருவராக மறைந்திருந்து, கடந்து சென்ற எதிரி வாகனங்களை இரவும் பகலும் எண்ணினர். இவ்விவரங்கள் வானொலி வழியே கெய்ரோவுக்கு அனுப்பப்பட்டன. 1943 ஜனவரியில் நிக் வைல்டரின் அணி கண்டறிந்த கணவாய், மார்ச்சில் மாரெத் அரண்கோட்டைச் சுற்றி வளைக்க எட்டாம் ஆர்மிக்கு உதவியது.

பிற்காலம்

1943 இல் ஏஜியன் தீவுகளில் இக்குழு காலாட்படை போலப் பயன்படுத்தப்பட்டது. எண்ணிக்கையில் சிறிய இப்பிரிவுக்கு நேரடிச் சண்டை பொருந்தவில்லை. லெவித்தா, லெரோஸ் தீவுகளில் பலத்த இழப்பு ஏற்பட்டது. லெரோசில் கட்டளை அதிகாரி ஜேக் ஈசன்சுமித் கொல்லப்பட்டார். இதன் பின்னர் நியூசிலாந்து தனது வீரர்களை விலக்கிக் கொண்டது. எஞ்சியோர் இத்தாலியிலும் பால்கன் பகுதியிலும் பணியாற்றினர். 1945 ஆகஸ்டில் இக்குழு கலைக்கப்பட்டது.