ஊர்காவற்றுறைத் தோணியும் சிற்றுருக் கலையும்

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிலே முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் (1153–1186) தமிழ்ச் சாசனம் ஒன்று உளது. பரதேசிகள் ஊராத்துறையிலே வந்திறங்க வேண்டுமென்றும், யானை குதிரை கொண்டுவரும் கப்பல் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கும் முக்காற்பங்கு உடையவனுக்கும் உரியதென்றும், வாணிகச் சரக்குக் கப்பலாயின் சரிபாதியென்றும் அது விதிக்கின்றது. ஊராத்துறையென்பது இன்றைய ஊர்காவற்றுறையே. உடைந்த கப்பலுக்குப் பங்கு வகுத்த அச்சாசனம் அக்கப்பலின் வடிவம் யாதெனக் கூறிற்றில்லை. கூறும் கடமையும் அதற்கில்லை. வரலாறு எழுதுவார்க்கோ இடர்ப்பாடு அங்கேயே தொடங்குகின்றது. கல் நிற்கும், மரம் உளுத்துப்போம்.

பிற்காலத்துத் தோணிகளின் நிலையும் பெரிதும் வேறன்று. நம் கப்பற்றச்சர் வரைபடம் எழுதி வேலைசெய்தவரல்லர். ஏரா வைப்பது முதல் வங்கு வளைப்பது வரை கணக்கெல்லாம் கண்ணிலும் கையிலுமே இருந்தது. ஆதலால் தச்சன் மறைய, கணக்கும் உடன் மறைந்தது.

மறையாது தப்பிய தென்னிலங்கைக் கலம் ஒன்றுண்டு. கயிற்றால் தைத்த பலகைகளும் பக்க மிதவையும் உடைய யாத்திரா தோணி 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே வழக்கொழிந்தது. எனினும் தொடந்துவையிலுள்ள குமாரகந்த விகாரையில் அதன் சிற்றுரு ஒன்று பேணப்பட்டது. அதனை அளந்து டொம் வொஸ்மர் என்னும் ஆய்வாளர் எழுதிய கட்டுரை 1993இல் வெளியாயிற்று. கடலோடிய கலம் அழிய, அதன் பொம்மை சான்றாயிற்று. பொம்மையென்று நகைப்பார் இதனைச் சிந்திப்பாராக.

வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற ‘அன்னபூரணி’ 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையை அடைந்தது. அதன் புகழ் நிலைத்தது அந்நியர் ஒருவர் அதனை விலைக்கு வாங்கியமையாலேயாம். விலைபோகாத தோணிகளுக்கு அப்பேறு வாய்த்திலது.

மேனாட்டிலே சிற்றுருப் பொறியியல் பொழுதுபோக்காக வேரூன்றியதற்கு 1898இல் பேர்சிவல் மார்ஷல் இலண்டனிலே தொடங்கிய ‘மொடல் எஞ்சினியர்’ இதழ் பெருங்காரணம். கடைசற்பொறியும் நீராவிக் கொதிகலமும் அதன் ஏடுகளை நிறைத்தன. தீவகத்து மாணவன் அங்கிருந்து தொடங்க வேண்டுவதில்லை. கடைசற்பொறியின் விலை ஒருபுறமிருக்க, கரையிலே கிடக்கும் பழைய வள்ளம் ஒன்றை அளக்க ஓர் அளவுநாடாவும் தூக்குநூலும் போதும். அணியம் முதல் அமரம் வரை நீளத்தைச் சம கூறாக்கி, ஒவ்வொரு கூற்றிலும் அகலமும் ஆழமும் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். வள்ளம் சரிந்து கிடக்குமாயின் முதலில் அதனை நிமிர்த்துக. இன்றேல் அளவெல்லாம் பிழைத்துப்போம்.

ஆங்கிலக் கடற்படையார் 17ஆம் நூற்றாண்டு முதலாகக் கைக்கொண்ட 48இல் ஒரு பங்கு அளவு இதற்கு இசைவானது. ஓரடி கால் அங்குலமாகும். ஏறத்தாழ 90 அடி நீளமுடைய அன்னபூரணி இருபத்திரண்டரை அங்குலத்தில் அடங்கும். எனினும் முழுக்கலத்தில் கைவைத்துப் பலகை வளையாது சலித்தவர் பலர். தொடக்கத்துக்கு அரையுருவே தக்கது. முள்முருக்குப் போன்ற மெல்லிய மரத்தின் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மரமுளையால் இறுக்கி, கலத்தின் ஒரு பக்கத்தை மட்டும் செதுக்குவது அது. வேலை முடிந்தபின் முளையைக் கழற்றிப் பலகைகளைத் தாளில் வைத்து ஓரம் வரைந்தால், தச்சன் எழுதாத வரைபடம் கைக்கு வரும். அத்தாளின் மூலையில் வள்ளம் கிடந்த ஊரையும் அளந்த நாளையும் எழுதிவைத்தல் வேண்டும்.